விசில் கேட்டால் இழு

ஹோல்ம்பி
6 மார்ச் 1983

அன்புள்ள ஹெட்லி,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் இரண்டு தடவை ஃபோன் செய்தேன். இரண்டு தடவையும் உன் தம்பி ஸ்டான்லிதான் எடுத்தான். "அண்ணன் கொட்டகையில இருக்காரு அண்ணி, எத்தனை தடவை கூப்பிட்டாலும் வரமாட்டேங்கிறாரு" என்றான். முப்பது வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியபோதே நீ ஃபோனைத் தொட்டதில்லை. பிரிந்து போன பிறகு தொடுவாய் என்று எதிர்பார்த்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்த வயதில் உட்கார்ந்து தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்த்தாவுக்கு உயிர் வந்துவிட்டது.

நீ போகும்போது நல்ல நீராவி என்ஜினான மேரியை லாரியில் ஏற்றிக்கொண்டு, பாய்லர் ஓட்டையான மார்த்தாவைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனாயே, அந்த மார்த்தாதான். "பியானோ வேணுமா, என்ஜின் வேணுமாம்மா?" என்று வக்கீல் கேட்டார். என்ஜின் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் கேட்டார். மறுபடியும் என்ஜின் என்றேன்.

நம் தெருமுனையில் டிராக்டர் ரிப்பேர் பார்க்கிற கீத் கூட இருந்தான். இரண்டு குளிர்காலம் பிடித்தது. பாய்லருக்குள் இருந்த பழைய குழாய்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்துப் புதிதாகப் போட்டோம். நெருப்பு அறைக்குள் நுழைந்து சுரண்டியது நான். கீத்தின் வயிறு உள்ளே போகவில்லை. போன வாரம் பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார், நீராவி ஏற்றிப் பார்த்தார், கடைசியில் எனக்குக் கை கொடுத்தார். அவருடைய வெள்ளைச் சட்டைக் கை முழுக்க என் கரி. "உங்க வீட்டுக்காரர் செஞ்ச வேலையாம்மா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உனக்கே தெரியும்.

ஆகஸ்டில் ஹோல்ம்பி விழா. நீராவி உழவைச் சனங்கள் பார்த்து ரொம்ப நாளாயிற்று, ஜோடியாக இரண்டும் வந்தால் நன்றாக இருக்கும் என்று செயலாளர் கேட்கிறார். வயலின் ஒரு ஓரம் மார்த்தா, மறு ஓரம் மேரி, நடுவில் இரும்புக் கயிற்றில் கலப்பை. ஒற்றை என்ஜினை வைத்துக்கொண்டு நான் படம்தான் காட்டலாம், உழ முடியாது. ஆகவே மேரியைக் கொண்டு வா. கரி போட ஸ்டான்லி வரட்டும். கலப்பையில் கீத் உட்காருவான்.

மார்த்தாவை ஓட்டப்போவது நான். கடிதத்தைக் கீழே வைக்காதே, சரியாகத்தான் படித்தாய்.

மேவிஸ்


ஸ்டான்லி பண்ணை, ரட்லண்ட்
19 மார்ச் 1983

அன்புள்ள மேவிஸ்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மழை நிற்கவில்லை. மேரியின் புகைக்கூண்டுக்குச் சாக்குப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.

மார்த்தாவின் பாய்லர் தேறியது சந்தோஷம். குழாய் முனைகளை விரித்தபோது ரொம்ப இறுக்கிவிடவில்லையே? இறுக்கினால் தகடு வெடிக்கும். முதல் பத்துத் தடவை மெதுவாகச் சூடேற்று. காலையில் அடுப்பு மூட்டினால் மத்தியானம்தான் நீராவி பார்க்க வேண்டும். அவசரப்படாதே.

விழா பற்றி. மேரி வரலாம். ஆனால் முன்பிருந்த மாதிரியே செய்வோம். மார்த்தாவை ஸ்டான்லி ஓட்டட்டும், அவனுக்குப் பழக்கம். நீ கலப்பையில் உட்கார். கலப்பையில் உன்னைப் போல் உட்கார ஆள் கிடையாது. நான் சும்மா சொல்லவில்லை.

பெயிண்ட் என்ன நிறம் அடித்திருக்கிறாய்? பச்சைதானே?

ஹெட்லி


ஹோல்ம்பி
24 மார்ச் 1983

ஹெட்லி,

பச்சைதான். கவலைப்படாமல் தூங்கு.

கலப்பையில் என்னைப் போல் ஆள் கிடையாதாம். ரொம்ப நன்றி. முப்பது கோடை அந்த இரும்பு இருக்கையில் உட்கார்ந்து, உன் பக்கம் ஒரு இழுவை, ஸ்டான்லி பக்கம் ஒரு இழுவை என்று என் முதுகெலும்பு ஆட்டம் கண்டிருக்கிறது. மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் புழுதி. "ஒரே ஒரு சால் நான் இழுத்துப் பாக்கறேன் ஹெட்லி" என்று உன்னிடம் எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன்? நீ புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டு "அதெல்லாம் சரிப்படாது" என்பாய். ஏன் சரிப்படாது என்று ஒரு நாளாவது சொன்னாயா? என் முகத்தைப் பார்த்தாவது சொன்னாயா?

எனக்கு முறை தெரியாது என்றா நினைக்கிறாய்? கலப்பை என் ஓரத்துக்கு வந்து சேர்ந்ததும் நான் கயிறு சுற்றும் உருளையை நிறுத்த வேண்டும். கலப்பைக்காரன் அதை மறுபக்கம் சாய்த்து, எதிர் இருக்கையில் மாறி உட்கார வேண்டும். அவன் உட்கார்ந்ததும் நான் விசில் அடிக்க வேண்டும். விசில் கேட்டால் நீ இழுக்க வேண்டும், கேட்காவிட்டால் உலகமே அழிந்தாலும் இழுக்கக் கூடாது. உன் ஓரத்துக்கு வந்தால் இதே கதை தலைகீழ். இதில் என்ன ராக்கெட் விஞ்ஞானம் இருக்கிறது?

நான் ஓட்டினால்தான் மார்த்தா வயலுக்கு வருவாள். இல்லையென்றால் கொட்டகையிலேயே இருக்கட்டும், நான் அவள் மேல் துணி காயப்போட்டுக்கொள்கிறேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன். பொறுமையாகவும் ஒன்று சொல்கிறேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், ஹெட்லி. வீடு கேட்கவில்லை, நீ திரும்பி வா என்று கேட்கவில்லை. அந்த ஓரத்தில் நீ நிற்க, இந்த ஓரத்தில் உனக்குச் சமமாக நான் நின்று ஒரு நாள் உழ வேண்டும். ஒரே ஒரு நாள். எனக்கு அறுபது ஆகப்போகிறது.

மேவிஸ்


ரட்லண்ட்
17 ஏப்ரல் 1983

அன்புள்ள மேவிஸ்,

மூன்று வாரம் யோசித்தேன். ஸ்டான்லி என்னைத் தினமும் திட்டுகிறான். "அண்ணி ஓட்டினா உனக்கு எந்தக் கிரீடம் கீழ விழுது?" என்கிறான்.

சரி. மே மாதக் கடைசித் திங்கள் விடுமுறையில் மேரியோடு வருகிறோம். ஒரு நாள் ஒத்திகை பார்ப்போம். அதைப் பார்த்துவிட்டு விழாவை முடிவு செய்யலாம்.

ஒன்று மட்டும். கீத் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொள்ள வேண்டும். கலப்பையில் உட்கார்ந்து சரியானதும் கையை நன்றாக மேலே தூக்க வேண்டும். நீ விசில் அடிப்பது வேறு, அதுவும் அடி. ஆனால் அவன் கையைத் தூக்கியே ஆக வேண்டும். மறக்காமல் சொல்லிவிடு.

பாய்லரின் தண்ணீர்க் கண்ணாடியில் மட்டம் பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்.

ஹெட்லி


ஹோல்ம்பி
31 மே 1983

அன்புள்ள ஹெட்லி,

நேற்று நீ ஒரு வார்த்தை பேசாமல் லாரியில் ஏறிப் போய்விட்டாய். கீத்துக்குத் தோளில் சிராய்ப்பு, அவ்வளவுதான். "அக்கா, மண்ணு மெத்து மெத்துன்னு இருந்துச்சு, மாமியார் வீட்டு மெத்தையைவிட நல்லாயிருந்துச்சு" என்று சிரிக்கிறான். அவனைப் பற்றிக் கவலைப்படாதே.

ஆனால் நடந்ததை நான் வரிசையாக எழுதத்தான் போகிறேன். ராத்திரி முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் எல்லாம் அழகாகத்தான் போயிற்று. கலப்பை உன் பக்கம் போகும், நீ விசில் அடிப்பாய், நான் இழுப்பேன். என் பக்கம் வரும், நான் விசில் அடிப்பேன், நீ இழுப்பாய். நீராவிக் கைப்பிடியைத் திறந்ததும் மார்த்தா ஒரு மூச்சு விட்டு, கயிறு தரையிலிருந்து எழும்பி விறைத்து, அத்தனை தூரத்திலிருந்து கலப்பை என்னைப் பார்த்து வந்தது. அந்த முதல் சால் முடிந்தபோது நான் அழுதேன். கரி பட்ட கையால் துடைத்துக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் காற்று அடித்தது. கலப்பை என் ஓரத்தில் இருந்தது. கீத்தின் தொப்பி பறந்தது. அவன் "கொஞ்சம் பொறுங்கக்கா!" என்று கையைத் தூக்கி எனக்குக் காட்டிவிட்டு, இறங்கப் போனான். ஒரு கால் இருக்கையில், ஒரு கால் தரையில். நான் விசிலைத் தொடவே இல்லை. நீ இழுத்துவிட்டாய்.

கீத் தலைகுப்புற விழுந்தான். கலப்பை ஆளில்லாமல் வயலில் துள்ளிக்கொண்டு ஓடியது. நிறுத்து நிறுத்து என்று விடாமல் விசில் அடித்தேன். சர்ச்சுக்குள் இருந்த பாதிரியாரே வெளியே ஓடி வந்துவிட்டார். நீ மட்டும் நிறுத்தவில்லை. ஸ்டான்லி உன் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினாய்.

டீ குடிக்கும்போது உன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றேன். "ஹெட்லி, உன் கோட்டு பத்திக்கிச்சு" என்றேன். நீ பிளம் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாய். இன்னும் பக்கத்தில் வந்து, "ஹெட்லி, நான் அந்த பாய்லர் இன்ஸ்பெக்டரைக் கட்டிக்கப் போறேன்" என்றேன். கீத்துக்கே புரையேறிவிட்டது. நீ திரும்பவில்லை. அப்போது ஸ்டான்லி அதே இடத்திலிருந்து, அவனுடைய அந்தக் கட்டைக் குரலில், "அண்ணா, இன்னொரு டீ?" என்றான். உடனே திரும்பினாய்.

உனக்கு விசில் கேட்பதில்லை. என் குரலும் கேட்பதில்லை. நீ கையைப் பார்த்துத்தான் இழுக்கிறாய்.

எவ்வளவு நாளாக, ஹெட்லி?

மேவிஸ்


ஹோல்ம்பி
14 ஜூன் 1983

ஹெட்லி,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. கீத்திடம்கூட, உனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று புளுகியிருக்கிறேன். அவன் நம்பவில்லை, ஆனால் நல்ல பிள்ளை, தலையாட்டினான்.

எழுது. எழுதுவதற்குக் காது தேவையில்லை.

மேவிஸ்


ரட்லண்ட்
26 ஜூன் 1983

அன்புள்ள மேவிஸ்,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடப் போகிறேன்.

நாம் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பே ஆரம்பித்தது. பாய்லர் பட்டறையில் எனக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும். பாய்லருக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே ஆணி அடிப்பவனுக்கு உள்ளேயிருந்து முட்டுக் கொடுப்பது. அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் காது போயிற்று. "பாய்லர்க்காரன் பொண்டாட்டிக்குத் தொண்டை பெருசா இருக்கணும்" என்று எங்களுக்குள் கேலி பேசிச் சிரிப்போம். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். முதலில் பறவைகள் போயின. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அப்புறம் விசில் போயிற்று. அப்புறம் உன் குரல். ஆம்பிளைகள் பேசினால் இன்றைக்கும் கேட்கிறது. உன் குரல் மெல்லியது, அதுதான் எனக்கு எட்டவில்லை.

விசில் கேட்காதவன் உழவு என்ஜினில் நிற்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் என்ஜினை விட்டு இறங்கினால் நான் யார்? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். நீதான் அந்த வழி. கலப்பையில் மாறி உட்கார்ந்ததும் நீ தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கையைத் தூக்குவாய். அது உன் பழக்கம், நான் கேட்டுக்கொண்டதல்ல. நீ ஒரு நாள்கூட அவசரப்பட்டுத் தூக்கியதில்லை, ஒரு நாள்கூட மறந்ததில்லை. ஸ்டான்லியின் விசில் எனக்கு எதற்கு? உன் கையைப் பார்த்து முப்பது வருஷம் ஓட்டினேன். ஒரு விபத்து இல்லை.

நீ மார்த்தாவில் ஏற வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் எனக்குப் பயம்தான். உன்னால் முடியாது என்றா நினைத்தேன்? நீ ஏறிவிட்டால் கலப்பையில் யார்? எனக்கு யார் கை காட்டுவார்கள்? இதைச் சொல்ல வாய் வரவில்லை. "சரிப்படாது" என்று சொல்வது சுலபமாக இருந்தது. உன் முகத்தைப் பார்த்தால் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றுதான் புகைக்கூண்டைப் பார்த்தேன்.

வீட்டிலும் அப்படித்தான். நீ அடுப்பைப் பார்த்தபடி பேசுவாய். பேசுகிறாய் என்று தெரியும். என்ன என்று கேட்டால் ஒரு தடவை சொல்வாய். மறுபடி கேட்க வெட்கமாக இருக்கும். "ம்" என்று சொல்லிவிடுவேன். எதற்கெல்லாம் "ம்" சொல்லித் தொலைத்தேனோ, கடவுளுக்குத்தான் தெரியும். "செவுத்துகூடப் பேசற மாதிரி இருக்கு" என்று நீ சொல்ல ஆரம்பித்தாய். அது கேட்டது, அப்போது எதிரே நின்றாய். அந்தக் கடைசி வாரம், "இப்படி இருக்கறதுக்கு நீ ஸ்டான்லி வீட்டுக்கே போயிடு" என்றாய். அதுவும் நன்றாகக் கேட்டது. அதனால் போனேன்.

கீத்திடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவன் செத்திருந்தால் என்ன செய்திருப்பேன்? விழாவுக்கு நான் வரவில்லை. செயலாளரிடம் ஏதாவது சொல்லிவிடு. உன் ஆசையைக் கெடுத்துவிட்டேன், அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நீ அன்று காலையில் இழுத்த சால்கள் நேராக இருந்தன. இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் லாரியில் ஏறும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹெட்லி


ஹோல்ம்பி
4 ஜூலை 1983

என் அன்பான மடையனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் தட்டு ஒன்றை உடைத்தேன். பிறகு அழுதேன். பிறகு கொட்டகைக்குப் போய் மார்த்தாவின் பித்தளையை எல்லாம் தேய்த்தேன். இப்போது பரவாயில்லை.

சொல்லியிருக்கக் கூடாதா, ஹெட்லி? முப்பது வருஷம் என் கையைப் பார்த்து ஓட்டினாயாமே. நான் அதை எதற்குத் தூக்கினேன் தெரியுமா? பலமாக இழுத்துக் கீழே தள்ளிவிடாதே என்று. அதை நீ இப்படி வைத்துப் பிழைத்திருக்கிறாய்! எனக்குத் தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கர்வத்தோடு தூக்கியிருப்பேன்.

நான் முடிவு செய்துவிட்டேன். நீ விழாவுக்கு வருகிறாய், மேரியை ஓட்டுகிறாய். ஸ்டான்லி மார்த்தாவை ஓட்டட்டும். நான் கலப்பையில் உட்காருகிறேன். பழைய தலைத்துணி இருக்கிறது, கிழியவில்லை. நான் உட்காராமல் கையைத் தூக்க மாட்டேன், உனக்குத் தெரியும். ஓட்டும் ஆசை எனக்குத் தீர்ந்துவிட்டது. ஒரு காலைப்பொழுது ஓட்டினேன், போதும்.

இதற்குப் பதில் எழுதி என்னோடு சண்டை போடாதே. வந்து சேர்.

மேவிஸ்


ரட்லண்ட்
4 ஜூலை 1983

அன்புள்ள மேவிஸ்,

போன கடிதத்தில் வரவில்லை என்று எழுதினேன். அதை அடித்துவிடு.

கலப்பைக்காரனுக்குக் காது எதற்கு? யோசித்துப் பார்த்தேன். அவன்தான் கை காட்டுகிறவன். அவன் யாருடைய விசிலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே மேரியை ஸ்டான்லி ஓட்டட்டும், அவன் காது நாய்க் காது. மார்த்தாவை நீ ஓட்டு. நான் கலப்பையில் உட்காருகிறேன். கீத் அன்று மட்டும் வேடிக்கை பார்க்கட்டும், அவனுக்கு நான் பட்ட கடன் அது.

ஸ்டான்லியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன், "இத்தனை வருஷம் நான் விசில் அடிச்சதெல்லாம் காத்துக்கா?" என்று கேட்டான்.

நீ முடியாது என்பாய். எழுதாதே, படிக்க மாட்டேன்.

ஹெட்லி


ரட்லண்ட்
22 ஆகஸ்ட் 1983

அன்புள்ள மேவிஸ்,

சனிக்கிழமையிலிருந்து இடுப்பு நிமிரவில்லை. ஸ்டான்லி மருந்து தேய்த்துவிடுகிறான். சிரித்துக்கொண்டே தேய்க்கிறான்.

விழாக் காலையில் நீ தலைத்துணி கட்டிக்கொண்டு கலப்பையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை. என் கடிதம் வந்தும் உட்கார்ந்திருக்கிறாய். "எறங்கு மேவிஸ்" என்றேன். "நீ போய் உன் என்ஜினைப் பாரு" என்றாய். கூட்டம் கூடிவிட்டது. கீத், "ரெண்டு பேரும் ஏறிக்குங்க, நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்றான். அப்புறம் நீ வேறு பக்கம் திரும்பிக்கொண்டு என்னென்னவோ சொன்னாய். "எனக்குத்தான் காது கேக்காதே, நீ எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசு" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். வெளியில் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒன்றும் ஆகவில்லை. யாரோ ஒருவர் கை தட்டினார். நீ இறங்கினாய்.

அந்த இருக்கையைப் பற்றி எழுத வேண்டும். அதில் எப்படி உட்கார்ந்தாய் அத்தனை வருஷம்? முதல் இழுப்பிலேயே என் பல் எல்லாம் ஆடியது. ஒவ்வொரு கல்லும் முதுகில் ஏறுகிறது. புகை முழுக்கக் கலப்பைக்காரன் மூக்குக்குத்தான் வருகிறது. நான் என்ஜின் மேல் ராஜா மாதிரி நின்றுகொண்டு, நீ கலப்பையில் என்ன பாடு படுகிறாய் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. என்னை மன்னிக்க வேண்டாம், தெரிந்துகொண்டேன் என்று மட்டும் வைத்துக்கொள்.

ஸ்டான்லி பக்கம் போகும்போது குலுக்கி எடுத்தான். உன் பக்கம் வரும்போது அப்படி இல்லை. கயிற்றை நீ முதலில் மெல்ல விறைக்க விடுகிறாய், ஒரு மூச்சு பொறுக்கிறாய், அப்புறம்தான் இழுக்கிறாய். அதை யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. இருக்கையில் உட்கார்ந்து அடி வாங்கினவளுக்குத்தான் அது தெரியும். நானும் ஓட்டியிருக்கிறேன், எங்கள் அப்பாவும் ஓட்டினார். உன்னைப் போல் ஓட்ட எனக்கு வரவில்லை, மேவிஸ். இதை நான் நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசிச் சாலில் உன்னைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். முகம் எல்லாம் கரி. எனக்கு அந்த வயல் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சாயங்காலம் மேரியை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது நீ கொட்டகை வாசலில் நின்றாய். புகையில் சரியாகத் தெரியவில்லை. ஏதாவது சொன்னாயா? ஸ்டான்லியைக் கேட்டால், "நான் ரோட்டைப் பாக்கறதா, அண்ணியைப் பாக்கறதா?" என்கிறான். சொல்லியிருந்தால் எழுது. இனிமேல் தெரியாததற்கு "ம்" சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

அன்புடன்,
ஹெட்லி


ஹோல்ம்பி
25 ஆகஸ்ட் 1983

அன்புள்ள ஹெட்லி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று நீ எழுதிய இடத்தை மட்டும் கீத்துக்கும் வாசித்துக் காட்டினேன். அவன், "அக்கா, இதைக் கண்ணாடி போட்டு மாட்டுங்க" என்றான்.

சனிக்கிழமை நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று பேசிப் பிரயோஜனமில்லை என்று இப்போது தெரியும்.

நான் சொன்னது அன்றைக்கு இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நீ முதல் தடவை மேரியை ஏற்றிக்கொண்டு போனாயே, அன்றைக்கு. சங்கிலி எல்லாம் கட்டி முடித்துவிட்டு, லாரியில் ஏறுவதற்காகக் கதவில் கை வைத்தாய். வண்டியை இன்னும் கிளப்பக்கூட இல்லை. அமைதியாகத்தான் இருந்தது. கொட்டகை வாசலிலிருந்து நான் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, சத்தமாகவே சொன்னேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாய்.

இரண்டு முறை சொல்லியும் திரும்பாத மனுஷன் என்றுதான் இத்தனை நாளும் உன்னை நினைத்திருந்தேன். அந்தக் கோபத்தில்தான் பாய்லருக்குள் புகுந்து சுரண்டினேன். நீ கேட்டுவிட்டுத்தான் போனாய் என்று நினைத்தேன், ஹெட்லி. அது எனக்குத் தாங்கவே இல்லை.

மார்த்தாவைச் சுவர் ஓரமாக நகர்த்தி வைத்திருக்கிறேன். கொட்டகையில் இன்னொரு என்ஜினுக்கு இடம் இருக்கிறது. வீட்டிலும் இருக்கிறது. மார்த்தாவை நான்தான் ஓட்டுவேன், அதில் பேச்சுக்கே இடமில்லை. மற்றதெல்லாம் எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.

அன்றைக்குச் சொன்னதை இப்போது எழுதித் தருகிறேன். ஸ்டான்லியைப் படிக்கச் சொல்லாதே. நீயே படி.

போகாதே, ஹெட்லி.

உன்
மேவிஸ்